டாக்டரம்மா வாங்கிய முதல் படம்

எழுபத்தெட்டு வயசில் யாராவது மியூசியப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார்களா? டாக்டரம்மா ஏறினார். பின்னே இருக்காதா? காலமெல்லாம் பல் பிடுங்கிச் சம்பாதித்ததில் முக்கால்வாசியைப் படம் வாங்கியே தீர்த்தவர். படம் வரைகிற, பேர் தெரியாத பிள்ளைகள் முதன்முதலாகக் கண்காட்சி வைக்கிற இடமெல்லாம் மோப்பம் பிடித்துப் போய்விடுவார். ஆளுக்கு ஒரே படம், அதுவும் அவர்கள் விற்கிற முதல் படம். இனிமேல் உன் பாடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவார். சேர்ந்ததில் பாதியைச் சின்னச் சின்ன மியூசியங்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மிச்சம் அறுபத்திரண்டு படங்களுக்கு இந்தப் பெரிய மியூசியம் ஒரு கூடத்தையே ஒதுக்கியிருந்தது.

அறுபத்தொன்றுக்கு என்று சொல்ல வேண்டும். வம்பே அங்கேதான்.

அவர் வாங்கிய முதல் படத்தை மட்டும் மியூசியப் பொறுப்பாளர் அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். சட்டம் போட்ட ஒரு மரப்பலகை, அதில் மஞ்சளும் நீலமுமாகத் தீற்றல்கள், அவ்வளவுதான். யாரோ பிரஷ் துடைத்த மாதிரி இருக்கிறதே என்று அந்த அம்மாள் வாய்தவறிச் சொல்லப்போக, டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்! முப்பத்தெட்டு வருஷம் கிளினிக்கில் மாட்டிவைத்த படம் அது. ஊசி போட்டு வாய் மரத்தவர்களை உட்கார்த்திவைத்து அந்த மஞ்சளின் ஆழத்தை விளக்கியிருக்கிறார். பாவம், அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது. எல்லாம் போனால் இதுவும் போகணும், இல்லாவிட்டால் ஒன்றும் போகாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

வரைந்தவரையே கேட்போம் என்று அன்றைக்கு வரவழைத்திருந்தார்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அறுபதைத் தொட்ட மனுஷர். படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு திருப்புளி கேட்டு வாங்கி, சட்டத்தின் பின்னால் அடைத்திருந்த அட்டையைக் கழற்றினார்.

பலகையின் மறுபக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். தையல் மெஷின் முன்னால் குனிந்து, உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, யார் கூப்பிட்டார்கள் என்று நிமிரப்போகிறாள். பொறுப்பாளர் அடேயப்பா என்றார்.

"எங்க அக்கா," என்றார் வரைந்தவர். "அன்னிக்குக் கண்காட்சியில மத்தவங்க படத்தைப் பாத்ததும் வெக்கமாப் போச்சும்மா. சுவர்ப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டேன். நீங்க வந்து அரைமணி நேரம் அதைப் பாத்துட்டு நின்னீங்க. அதுவரைக்கும் என் படத்து முன்னாடி யாருமே நின்னதில்ல. அது பிரஷ் துடைச்ச பக்கம்னு எந்த வாயால சொல்றது? நானே பின்னால அட்டை அடைச்சு, சட்டம் போட்டுக் கொடுத்துட்டேன்."

பொறுப்பாளர் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மாவுக்கு மானம் போனது ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷம் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நடுச்சுவர் இதற்குத்தான், இரண்டாம் பேச்சே இல்லை என்றார் பொறுப்பாளர்.

ஜெயித்தாயிற்று, கிளம்ப வேண்டியதுதானே? டாக்டரம்மா அசையவில்லை. அப்புறம் உன் பேரை எங்கேயும் காணோமே தம்பி, ஏன் என்று கேட்டார்.

"துடைச்ச பக்கம்தான் உங்களுக்குப் பிடிச்சுது. அப்போ வரைஞ்ச பக்கத்துல ஒண்ணும் இல்லபோலன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. தூக்கிவிட்டதாகப் பெருமையாக நினைத்திருந்த முதல் ஆளையே கவிழ்த்திருக்கிறார்.

"சுத்தமா விட்டுட்டியா?"

அவர் தரையைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலின் பழைய போர்டுகள் வீணாகக் கிடந்தன, அவற்றின் பின்பக்கத்தில் அப்பப்போ வரைவேன், முப்பது சேர்ந்திருக்கும், யாருக்கும் காட்டியதில்லை என்றார்.

டாக்டரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கூடத்தைப் பார்க்கவில்லை, படங்களைப் பார்க்கவில்லை, விடுவிடுவென்று படி இறங்கினார். வரைந்தவர் அவர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. வெளியே நின்ற டிரைவிங் ஸ்கூல் வண்டியில் டாக்டரம்மா அவசரத்தில் ஸ்டியரிங் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டு, அப்புறம்தான் நகர்ந்து இடம் விட்டார்.

"உன் முதல் படத்தை நான் இன்னும் வாங்கவே இல்ல, தம்பி. வண்டியை எடு. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."