ஐந்து மாடி முகம்

சுவரோவியம் வரைகிறவளின் தொங்குமேடை ஒரு மாடி கீழே இறங்கியதும், சுவரில் இருப்பது தன்னுடைய புருவம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் வெறும் நெற்றியாக இருந்தவரை யாரோ ஒருத்தி என்று சும்மா இருந்தாள். நெற்றியை வைத்து என்ன ஆள் தெரியும்? இப்போது இடது புருவத்தை இரண்டாக வெட்டும் அந்தக் கோடு, ஓர் ஆள் நீளத்துக்கு, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தழும்பைப் போட்டவன் எந்த ஊரில் இருந்து பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். அவனிடமிருந்து தப்பித்துத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

அந்தத் தெருவுக்கு உயிர் கொடுப்பது என்று மாநகராட்சி தீர்மானித்திருந்தது. பூட்டிக் கிடந்த கிடங்கில் பொதுச் சலவைக்கூடம் வந்தது. பக்கத்தில் வாசிப்பறை, நடைபாதையில் பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே விளக்கு. குறை சொல்வதற்கில்லை, தனியாக வீடு திரும்புகிறவளுக்கு விளக்கின் அருமை தெரியும். சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. இவ்வளவும் செய்தவர்கள் அதோடு விட்டிருக்கலாம். வெளியாட்கள் வந்து பார்க்கவும் ஏதாவது வேண்டாமா என்று, ஐந்து மாடிக் குடியிருப்பின் ஜன்னல் இல்லாத சுவரில் 'தெருவின் முகம்' வரைய ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

ஓவியக்காரப் பெண் கேமராவோடு சலவைக்கூடத்துக்கு வந்தபோது, பணியாளர் அட்டைக்குத்தான் படம் எடுக்கிறார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். "உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று அந்தப் பெண் கேட்கத்தான் செய்தாள். எதற்குச் சம்மதம் என்று இவள் கேட்கவில்லை. "சரிங்க" என்றாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அவள் சரிங்கதான். முடியாது என்கிற ஆளைத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவள் கணக்கு. இப்போது ஊரே அண்ணாந்து பார்க்கப்போகிறது.

கூட வேலை செய்யும் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம கூடத்துல இருந்து ஒருத்தி! இனிமே உன்ன கையில பிடிக்க முடியாது. பேப்பர்ல எல்லாம் வரப்போற."

"அக்கா, அத அழிக்கச் சொல்லணும்."

"கிறுக்கா உனக்கு?" என்று சிரித்தபடி திரும்பிய அக்கா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். கையில் இருந்த ஈரப் போர்வையைக் கூடையில் போட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று இவள் சொன்ன கதையை இத்தனை நாள் நம்பியதுபோலவே இருந்தவள் அவள். "யாரு பாத்துடுவாங்கன்னு பயப்படற?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குமேல்தான் சாப்பிட இறங்கிய ஓவியக்காரி, டப்பாவைத் திறக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள். "திறப்பு விழாவுக்கு ரெண்டு நாள்தாங்க இருக்கு. தழும்ப மட்டும் எடுத்துடட்டுமா?"

"தழும்பு இல்லன்னாலும் அந்த ஆளுக்குத் தெரியும்."

"அப்ப மாநகராட்சி ஆபீசர்கிட்ட கேக்கணும். ஏன்னு கேப்பாரு."

"அவருகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதான்" என்றாள் அக்கா. "என் மூஞ்சியப் போடும்மா. நல்லா அகலமான மூஞ்சி, சுவரு நெறஞ்சிடும். என்னைத் தேடி எவனும் வரமாட்டான்."

ஓவியக்காரி விரலில் இருந்த சாயத்தைத் துணியில் துடைத்தாள். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தாள். "இதுக்குள்ள யாராவது போட்டோ எடுத்துப் போட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள். பிறகு அக்காவை வெளிச்சத்துக்கு நேராக நிறுத்திப் படம் எடுத்தாள். டப்பாவைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள்.

உருளைத் தூரிகை நெற்றியில் சாம்பல் நிறத்தை இழுக்க ஆரம்பித்தபோது பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. தெருமுனையில் மகள் இரண்டு தோழிகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மதிய இடைவேளையில் அந்தப் பக்கம் வந்தவள், புருவத்தைப் பார்த்தே அம்மா என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். இந்த ஊரில் அவள் யாரையும் இப்படி இழுத்துக்கொண்டு வந்ததில்லை. அப்பா என்ன வேலை, முன்னால் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். கூசாமல் சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்தச் சுவர் ஒன்றுதான் கிடைத்திருந்தது.

"அங்க பாருங்கடி, நான் சொன்னேன்ல—" என்று கையை நீட்டியவள், சாம்பல் நிறத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

மகளிடம் என்ன சொல்வது? அளவு தப்பிவிட்டது, சாயம் சரியில்லை என்று எதையெதையோ கோத்துக்கொண்டு அவள் நாலடி முன்னால் வைத்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்த அக்காவைப் பார்த்தாள்.

"ஏன்டி உங்கம்மாவ அழிக்கிறாங்க?" என்றாள் தோழிகளில் ஒருத்தி.

"அது எங்கம்மா இல்ல" என்றாள் மகள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. "சும்மா சொன்னேன். அது வேற யாரோ."

கோத்துவைத்த சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. மேலே தொங்குமேடை கிறீச்சிட்டபடி ஓர் அடி இறங்கியது. தோழிகள் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார்கள். மகள் மட்டும் புத்தகப்பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நடைபாதையின் உள்ளோரமாகவே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.