இரண்டாம் கொட்டகைக் கோழிகள்

காலையில் கோழிக்கொட்டகைக்குள் நுழைந்ததும் கலியமூர்த்தி காதைத் தீட்டிக்கொள்வார். எங்காவது ஒரு கோழி தும்மினால் போதும், தண்ணீர்த் தொட்டியில் ஆன்டிபயாடிக் பவுடர் விழும். உப்பளத்துக் காற்று திசை மாறினால் பவுடர். மேகம் கறுத்தால் பவுடர். ஒருமுறை அவரே தும்மிவிட்டு, கோழிகளுக்குத் தொற்றிவிடுமோ என்று அதற்கும் போட்டார். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த மருந்தல்ல அது. கடையில் கேட்டார், கொடுத்தார்கள்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி அவருக்கு இரண்டு கொட்டகைகள். அவற்றைத் தேடிக்கொண்டு பிரியதர்ஷினி வந்தாள். கோழிக் குடலில் வாழும் கிருமிகளைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஆராய்கிற பெண்.

"குடல்ல ஒரு ஊரே இருக்குதுங்க ஐயா. ஒரு கிருமி தின்னு கழிச்சத இன்னொண்ணு திங்குது. நல்லதும் இருக்குது, கெட்டதும் இருக்குது. எது போனா எது பெருகும்னு கம்ப்யூட்டர்லயே அந்த ஊர உண்டாக்கிப் பாக்குறோம். மாடல்னு சொல்லுவோம்."

"எங்க ஊர அப்படியே சொல்றியேம்மா" என்றார் கலியமூர்த்தி.

முதல் கொட்டகைக்கு வழக்கம்போல் பவுடர், இரண்டாவதற்கு வெறும் தண்ணீர். இரண்டிலிருந்தும் எச்சத்தை எடுத்துப் போய்ச் சோதிப்பாள். இதுதான் ஏற்பாடு. கலியமூர்த்தி யோசித்தார். அவர் மனைவி அம்சவள்ளி யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். அதன் பிறகு அவர் யோசிக்க ஒன்றுமில்லை.

"இன்னாப்பா, கோழிப் பீய டப்பால போட்டு ஃபாரின் அனுப்புறியாமே?" என்று பக்கத்துப் பண்ணை அரசப்பன் விசாரித்தார்.

கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டார். இரண்டாம் கொட்டகையைத்தான் தாங்க முடியவில்லை. அங்கே கண்மூடிக் கிடந்த கோழியெல்லாம் செத்த கோழியாகவே தெரிந்தது. தட்டி எழுப்புவார். அது எழுந்து, தூக்கத்தைக் கெடுத்த ஆளை முறைத்துவிட்டு மறுபடி படுக்கும். கடைசியில் மனசு கேட்காமல், ஒரு கரண்டிதானே என்று அந்தத் தொட்டியிலும் பவுடரைக் கலக்கினார். ஒரு நாள் கலக்கியவருக்கு மறுநாள் நிறுத்தத் தைரியம் வரவில்லை.

"பச்சத் தண்ணிதானங்க ஐயா?" என்று பிரியதர்ஷினி கேட்கும்போதெல்லாம், "பச்சத் தண்ணிதாம்மா" என்று எதிரே குவிந்திருந்த உப்பைப் பார்த்துச் சொன்னார்.

ஒருநாள் அவள் முகம் தொங்கிப் போய் வந்தாள்.

"ரெண்டு கொட்டகை எச்சமும் ஒண்ணு போலவே இருக்குதுங்க. என் மாடலே தப்புன்னு நெனைக்கிறேன். இத்தன வருஷ வேலை. விட்டுடலாம்னு இருக்கேன்." கிளம்பும்போது, "நீங்கதான் சொன்னபடி செஞ்சீங்க. உங்கள மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம்" என்று கும்பிட்டாள்.

கலியமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்குச் சளி பிடித்தது. கோழி வைத்தியத்தையே தனக்கும் செய்துகொண்டார். மெடிக்கல் ஷாப்பில் கேப்ஸ்யூல் வாங்கி, வேளைக்கு ஒன்று போதாதென்று இரண்டாக விழுங்கினார். சளி இருந்த இடத்திலேயே இருந்தது. வயிறுதான் கட்டவிழ்ந்துகொண்டது. வீட்டுக்கும் கழிவறைக்கும் நடந்து நடந்து ஆள் பாதியானதும், அம்சவள்ளி ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"சளிக்கு யாரு இத திங்கச் சொன்னாங்க?" என்றார் டாக்டர். "குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சு. கெட்டது குடி வந்துடுச்சு. இப்படியே தின்னுக்கிட்டிருந்தா, நாளைக்கு நெஜமா நோய் வரும்போது மருந்து கேக்காது."

கலியமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஊரே காலியாயிடுச்சுங்களா?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. அம்சவள்ளிக்குப் புரிந்தது. "கோழிக்கும் இதேதாங்க பண்றாரு. ரெண்டு கொட்டகைக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெரலெல்லாம் மஞ்சப் பவுடரோட வந்து சோறு கேட்டா தெரியாதா? நீயே சொல்லுவேன்னு பாத்தேன். அந்தப் பொண்ணு வேலையவே விடப்போறேன்னு போயிருக்குது."

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மறுமுனையிலிருந்து சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு குரல் வந்தது.

"ரெண்டு தொட்டியிலயும் மருந்து இருந்தா எச்சம் இப்படித்தான் இருக்கும்னு கம்ப்யூட்டர் மொதல்லயே சொல்லுச்சுங்க ஐயா. நான்தான் அத நம்பாம உங்கள நம்புனேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அந்த முறை எடுத்த எச்சமெல்லாம் வீணானது. அடுத்த முறை கோழிக்குஞ்சு இறக்கியபோது பிரியதர்ஷினி மறுபடி வந்தாள். பவுடர் டப்பா அம்சவள்ளியின் பீரோவுக்குள் போய்விட்டது; முதல் கொட்டகைக்கு வேண்டியதை மட்டும் அம்சவள்ளியே அளந்து கொடுத்தாள். இரண்டாம் கொட்டகைக்குள் கலியமூர்த்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். சும்மா இருக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைக் கழுவினார், தரையில் பரப்பிய உமி ஈரமானால் மாற்றிப் போட்டார். கோழிகள் தும்மின, தூங்கின, வளர்ந்தன. பிரியதர்ஷினியின் மாடல் சொன்னபடியே அவற்றின் குடலில் நல்ல கிருமிகள் ஊர் கட்டிக் குடியிருந்தன.

சில நாள் கழித்து அரசப்பன் அவசரமாக வந்தார். "பெருமுக்கல் பக்கம் கோழிக்குச் சளியாம்பா. கொஞ்சம் பவுடர் குடு."

"உன் கோழிக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பக்குனு இருக்குது."

"அப்போ உக்காந்து ஒரு டீ குடி" என்றார் கலியமூர்த்தி. "கோழி நெஜமா படுத்தா கால்நடை டாக்டரக் கூப்பிடு, அவர் சொல்ற மருந்தப் போடு. மருந்து நோய்க்குத்தாம்பா, நம்ம பயத்துக்கு இல்ல. பயத்துக்கே தின்னுத் தீத்தா, நோய் வர்றப்போ அது நம்மளக் கைவிட்டுடும். கோழியா இருந்தாலும் சரி, மனுஷனா இருந்தாலும் சரி."