அரைவிரல்

பிறவியிலேயே என் வலது சுட்டுவிரல் பாதிதான். அந்தக் கையால்தான் நெப்ராஸ்காவில் எங்கள் பள்ளி அணிக்குப் பேஸ்பால் வீசினேன்.

ஏழு சுற்றில் ஆறு முடிந்து பெஞ்சுக்கு வந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பீட்டர்சன் எழுந்து அந்தக் கோடிக்குப் போனான். என் பந்தைப் பிடிக்கும் கெஸ்லர், வாய் ஓயாதவன், சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"கெஸ்லர், கோச் என்னைத் தூக்கப்போறாராடா?"

அவன் இன்னொரு பிடி விதையை வாயில் போட்டுக்கொண்டான். கோச்சும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூக்கத்தான் போகிறார்கள். என் பந்து கோணலாகப் போனதால் எதிரணியில் நாலு பேர் பந்தை அடிக்காமலே முதல் தளத்துக்குப் போயிருந்தார்கள். அந்த நாலு பேர்தான் என் கண்ணில் நின்றார்கள். இந்த விரலை நம்பி வந்தது என் தப்பு.

யாரும் தடுக்காததால் கடைசிச் சுற்றுக்கு நடந்தேன். எதிரணி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஏய் அரைவிரலு! எங்கள்ல ஒருத்தன்கூட இன்னும் உன் பந்தை உருப்படியா அடிக்கல, தெரியுமா? இன்னும் மூணே பேரு அவுட்டானா ஆட்டம் முடிஞ்சுது!"

"வாயை மூடுடா நாயே!" கெஸ்லர் முகமூடியைத் தரையில் அடித்தான். "அதைச் சொல்லக்கூடாதுன்னுதானே நாங்க மூச்சுவிடாம உக்காந்திருந்தோம்!"

அப்போதுதான் உறைத்தது. ஒரு அடிகூடக் கொடுக்காமல் வீசுபவனிடம் ஆட்டம் முடியும்வரை அவன் அணியில் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் ராசி போய்விடும். நானே மற்றவர்களுக்காக அப்படி வாயை மூடியிருக்கிறேன். எனக்காக யாராவது மூடுவார்கள் என்று நினைத்ததே இல்லை.

எப்போதும் இடதுகைக் கையுறைக்குள் ஒளித்துவைக்கும் வலது கையை வெளியே எடுத்து, கத்தியவனுக்குத் தெரியும்படி அந்த அரைவிரலை உயர்த்திக் காட்டினேன். பிறகு வீசினேன்.