அத்தானின் கீழ்ப் பல்செட்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இருபத்தாறு வருடங்களாக நான் செய்த பல்செட் எதிலும் கோளாறு இருந்ததில்லை. பொருந்தாவிட்டால் வாயில்தான் கோளாறு என்று எல்லோரிடமும் சொல்வேன். அக்கா வீட்டுக்காரர் விஷயத்தில் அது உண்மையாகவே இருந்தது. அப்போது பார்த்து நான் செட்டைச் சந்தேகப்பட்டேன்.

கீழ்செட் இடது பக்கம் அழுத்துகிறது என்று வருவார். செட்டில் அந்த இடத்தை அரத்தால் ராவிக் கொடுப்பேன். இப்போது சுகம் என்று போய்விடுவார். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம் அத்தான். அதற்கு மேல் குறை சொல்ல வராது. மூன்று மாதத்தில் மூன்று தடவை ராவினேன். உள்ளே வளர்ந்த ஒன்றுக்கு நான் இடம் விட்டுக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நாலாவது தடவை அக்காவும் கூட வந்தாள்.

"செட்டையே பாக்குறியே, அவர் வாயப் பாத்தியாடா?"

பார்க்கவில்லை. புதிதாக அச்செடுத்து, அவருடைய இரண்டு வருடப் பழைய அச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். புதியதில் இடது ஈறு கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட் பிடிகொடுக்கவில்லை. வேறு லேபுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் பெரிய டாக்டர் சொன்னார், சார்கோமா என்று. சதையிலும் எலும்பிலும் வருகிற புற்றுநோய், தாடையில் வருவது மிக அபூர்வம், அவர் சர்வீஸிலேயே இது இரண்டாவதாம். பயிற்சி டாக்டர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு வெளிச்சம் மறைக்காதபடி அத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இத்தன வருஷமா நான் ஒருத்திதான் உங்கள அபூர்வம்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப டாக்டரும் சொல்லிட்டாரு," என்றாள் அக்கா, வெளியே வராந்தாவில். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அத்தான் என் முதுகில் தட்டினார்.

"விடு மாப்ள. நீ ராவினப்பல்லாம் சுகமாத்தான் இருந்துச்சு. ஆபரேஷன் முடியட்டும், புதுசா அளவெடுத்துச் செஞ்சிடு."

இந்தத் தடவையாவது பல்லைக் கொஞ்சம் வெள்ளையாகப் போடச் சொன்னாள் அக்கா. கல்யாண மாப்பிள்ளை மாதிரி போட்டுவிடலாம் என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அளவெடுக்க அந்தப் பக்கம் தாடையே இருக்காது என்று, தொழில் தெரிந்தவன் என்பதால், டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.