கையை மூட வேண்டாம்

"கையை மூடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அப்பா. அத்தை போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்து விடுவதும், அப்பா எழுந்து வந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்துப் போர்வையின் மேல் வைப்பதும் காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்று அத்தை முணுமுணுத்தாள்.

"வர்றவங்க பாக்கட்டும். இத்தனை வருஷம் மூட்டுவாதத்தோட இருந்த கை. ஒரு விரலாவது கோணியிருக்கா பாரு."

கோணவில்லைதான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரான, வழுவழுப்பான பத்து விரல்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியின் கை மாதிரியே இல்லை. எந்த வியாதியும் இல்லாத அத்தையின் விரல்கள்தான், வாழ்நாள் முழுக்கத் துவைத்துத் தேய்த்து, முட்டிக்கு முட்டி புடைத்துக் கிடந்தன.

வந்தவர்கள் அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தார்கள். கைகளை, அப்பா சொன்னபடி, நின்று நிதானமாகப் பார்த்தார்கள். "உள்ளங்கையில வெச்சுத் தாங்கினாரு மனுஷன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டைக் கேட்டுக் கூச்சப்படுகிறவர் அப்படித்தான் குனிவார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் நெஞ்சு நின்று போய் இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

அம்மா பஸ் ஓட்டியவள். டிப்போவில் அவளுக்கு 'ஸ்டியரிங்' என்று பெயர். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கியரைப் பிடிக்க முடியாமல் விரல்கள் வீங்கி அம்மா பாதி வேலையில் திரும்பி வந்தாள். மூட்டு டாக்டர் கையை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒரு கீறல் இல்லை. ரத்தம்தான் வேறு கதை சொன்னது. இப்படிப்பட்ட ரத்தம் இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் மூட்டெலும்பை அரிக்கத் தொடங்கும், அரித்தது அரித்ததுதான், மறுபடி வளராது என்றார். மருந்து கொடுத்தார். அது வேலை செய்கிறதா என்று தெரியும்வரை கைக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

அம்மா மிரண்டு போனாள். திருப்பத்தில் பஸ்ஸை ஒடிக்கும்போதுகூட பயந்தறியாதவள், "இனிமே அந்தத் தீர்ப்பையெல்லாம் நீங்களே கேட்டுட்டு வாங்க. என் காதுல விழ வேணாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அதுவே வழக்கமாகிப் போனது. டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்ப்பார். படம் எடுப்பார்கள். பிறகு அம்மா வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வாள். படத்தைப் பார்த்து, எங்கே அரித்திருக்கிறது, எங்கே இடைவெளி குறைந்திருக்கிறது என்று மூட்டு மூட்டாக டாக்டர் போடும் மதிப்பெண்ணைக் கேட்க அப்பா மட்டும் உள்ளே போவார். வெளியே வந்ததும் சொல்வார்: "ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

ஜாக்கிரதை என்றால் அப்படியொரு ஜாக்கிரதை. துணி பிழிவது அப்பா. காய் நறுக்குவது அப்பா, கொஞ்சம் வளர்ந்ததும் மகள். வேலைக்குக் கிளம்புமுன் வீட்டிலிருக்கும் எல்லா டப்பாக்களின், பாட்டில்களின் மூடிகளையும் அப்பா திருகித் தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் யாரும் எதையும் மூடியைப் பிடித்துத் தூக்குவதில்லை. ஒருமுறை விருந்தாளி ஒருவர் அப்படித் தூக்கி, சர்க்கரை பாட்டில் காலடியில் விழுந்து நொறுங்கியது. "பிரேக் பிடிக்கல" என்று சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா கார் ஓட்டும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை. பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாட்களில் அந்தக் கால் இன்னும் அழுத்தமாக மிதிக்கும்.

டிப்போவிலிருந்து ஒரு பழைய டிரைவர் வந்தார். அப்பா காட்டிய கைகளை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கையையா ஓட்டக்கூடாதுன்னாங்க?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நண்பகலுக்கு மூட்டு டாக்டர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் கைகளைத்தான் முதலில் பார்த்தார். பழக்கதோஷம், ஒரு விரலின் முட்டியை லேசாக அமுக்கியும் பார்த்தார். கிளம்பியபோது மகள் கார்வரை கூடப் போனாள்.

"உங்கம்மா கைப் படத்தைத்தான் எங்க காலேஜ் பசங்களுக்கு வருஷா வருஷம் காட்டுவேன். அந்த ரத்தத்துக்கு ஒரு புள்ளி அரிப்பு இல்லாம இருக்கிறது லேசில்ல. என் கணக்கு தப்பாப்போனதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "மூணாவது வருஷமே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். மருந்து நல்லா கேக்குது, இனிமே தாராளமா ஓட்டலாம்னு."

"எதை ஓட்டலாம்னு?"

"பஸ்ஸத்தான். அவங்களுக்குத்தான் திரும்பிப் போக இஷ்டம் இல்லையாமே. வீட்டோட நிம்மதியா இருக்காங்க, அந்தப் பேச்சை எடுத்தாலே மனசு கஷ்டப்படறாங்கன்னு உங்கப்பா சொன்னாரு. சரி, நாம ஏன் கிளறணும்னு விட்டுட்டேன். ஒரே இடத்துல உக்கார விடாதீங்க, இந்த வியாதிக்கு நெஞ்சும் கொஞ்சம் பலவீனமாகும்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன்." கார்க்கதவைத் திறந்தார். "மூட்டைக் காப்பாத்திட்டோம். நெஞ்சு காலை வாரிடுச்சு."

கார் தெருமுனை திரும்பும்வரை மகள் அங்கேயே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருடம் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனையில் பஸ் திரும்பும்போதெல்லாம், "அகலமா எடுக்கறான் பாரு, மடையன்" என்று திட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டியிருக்கலாம் என்று தெரியாமலே போய்விட்டாள்.

உள்ளே வந்து போர்வையை இழுத்து அம்மாவின் கைகளை மூடினாள். அப்பா எழுந்து வந்தார்.

"போதும்பா" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். வண்டி வந்து அம்மாவைத் தூக்கும்வரை போர்வை அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தை உள்ளறையில் கண் அயர்ந்துவிட்டாள். அப்பா ஜன்னலோர நாற்காலியின் எதிரே, அதில் உட்காராமல், தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது வருஷமே அம்மா பஸ் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாராமே."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"சொன்னாரு. கை போயிடும்னு சொன்னதும் அதே ஆளுதான். எதை நம்பறது? ஓட்டப்போய் கோணிக்கிட்டா அவரா வந்து தலை வாரி விடுவாரு?"

"அம்மாவுக்கு இஷ்டம் இல்லைன்னு சொன்னீங்களாமே."

தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா போறேன்னுதான் சொல்லியிருப்பா" என்றார் கடைசியில். "அதான் கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ ஆறுதல் சொல்கிறவரைப் போல, "கையைப் பாத்தேல்ல? எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார்.

இந்த மனிதரை வெறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. காய்ச்சல் அடித்த இரவுகளில் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக வெந்நீரில் நனைத்துப் பிடித்துவிட்ட மனிதர். முழுசாக வெறுக்கவும் விடமாட்டார் போலிருந்தது. அதுதான் இன்னும் கசந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. நேற்றுக் காலை அப்பா தளர்த்தி வைத்தவை. அவள் சர்க்கரை பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அது முட்டி நின்ற பிறகும் விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருகினாள். அடுத்து உப்பு. தேயிலை. எண்ணெய் பாட்டில். மாத்திரைக் குப்பி. உள்ளங்கை சிவந்து எரியும்வரை ஒன்றையும் விடாமல் இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அப்பா வந்தார். "ஒரு டீ போடறேன், நீயும் காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல" என்று அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்தது. சர்க்கரை பாட்டிலை எடுத்து, பழக்கப்படி இரண்டு விரலால் மூடியைத் தொட்டார். அது வரவில்லை. கை முழுவதையும் வைத்துத் திருகினார். துண்டைப் போட்டுத் திருகினார். பிறகு பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவத் தொடங்கினாள். அப்பா நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திருகினார். மூடி அசையவில்லை.