மூன்றாவது குட்டி

1.

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. படத்தில் நிற்பவன் நான்தான்: ஈர லுங்கி, கையில் பொரித்த மீன், திறந்த வாய். விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும்படி காட்டு மரத்தில் கட்டிய கேமராவில், அந்த ஞாயிற்றுக்கிழமை சிக்கிய பெரிய விலங்கு நான்.

2.

முதல் தொடக்கம்: 'பொதிகையின் மடியில், வெள்ளி உருகி வழியும் தாமிரபரணியின்...'

(அடித்துவிட்டேன். பத்திரிகையில் ஞாயிறுதோறும் ஊர்சுற்றும் பக்கம் எழுதுகிறவன் நான். இதே வெள்ளியை இதுவரை ஒன்பது அருவிகளுக்கு உருக்கியிருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'காட்டுக்குள், ஆறு ஆழமாகத் தேங்கும் கசம் ஒன்று. அனுமதி வாங்கித்தான் குளிக்கப் போனோம், பன்னிரண்டு பேர்...'

இது உண்மை. அனுமதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் குரலும் என்னுடையதே. இருக்கட்டும்.

3.

ஷஃபீகா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். மேலப்பாளையத்துப் பெண், அந்தக் கேமராப் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது அவள் வேலை. இவளை அழவைத்தால் வாசகர்கள் உருகுவார்கள். அவள் அழவில்லை. என்னைத் தேடி வந்து மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

"இது நீங்கதான அண்ணாச்சி? பத்து நாப்பது. பாட்டுப் பெட்டிய எறக்குதீங்க. அடுத்ததப் பாருங்க."

பதினொன்று ஐந்து: ஒரு நீர்நாய் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் போகிறது. பதினொன்று இருபது: இரண்டாவது குட்டி. பதினொன்று நாற்பது: தாய் தண்ணீரில் தலை தூக்கிப் பார்க்கிறது. கரையில் என் முதுகு.

"மொத்தம் மூணு குட்டி. நீங்க நின்ன பாறைக்குக் கீழதான் பொந்து."

"மூணாவது?"

"அதுக்குப் பொறவு தாய் வந்த படம் இல்ல. இப்பம் ரெண்டும் மேலக் கசத்துல இருக்கு. நீங்க வழிய எழுதுனா அங்கனயும் பாட்டு வரும்லா."

4.

தொலைபேசியில் பத்திரிகை ஆசிரியர் ஞானப்பிரகாசம்:

"என்னவே, கசம் எங்கன இருக்கு, எந்த பஸ் போவுது, ஒண்ணையும் காணோம்?"

"எழுத மாட்டேன் அண்ணாச்சி."

"வழி இல்லாம எவம்வே படிப்பான்? பக்கத்த வேற ஆளுட்ட குடுத்துருவேன், பாத்துக்கிடும்."

"குடுங்க."

பன்னிரண்டு வருஷமாக நான் எழுதும் பக்கம். ஆனாலும் 'பாபநாசத்துக்கு மேலே [      ] தாண்டி, [      ] பக்கம் திரும்பினால்' என்ற வாக்கியத்தின் ஓட்டைகளை ஓட்டைகளாகவே விடுகிறேன். ஊகிக்க வேண்டாம். பாபநாசம் என்பதும் பொய்.

5.

முடிவுகள்.

(அ) இருட்டியதும் தாய் வந்து மூன்றாவதையும் தூக்கிப் போனது. எனக்கு வசதியான முடிவு, அதனாலேயே நம்பவில்லை.

(ஆ) நாங்கள் போட்டுவிட்டு வந்த மீன் முள்ளைத் தேடி ஊர்நாய்கள் வந்தன. பிறகு அவை பாறைக்குக் கீழே...

மாட்டேன்.

கதைக்குள் இன்னும் மணி பதினொன்று நாற்பதுதான். அங்கே செய்யாததை இங்கே செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. பாட்டை நிறுத்துகிறேன். முள்ளைப் பொறுக்குகிறேன். பதினோரு பேரையும் வண்டியில் ஏற்றிவிட்டு நானும் ஏறிவிட்டேன்.

தாய் மறுபடி தலை தூக்குகிறது. பாறைப் பக்கம் வரவில்லை. கரையில் இன்னும் ஓர் ஆள் நிற்பது அதற்குத் தெரிகிறது.

குட்டி என்ன ஆகிறதென்று பார்க்க நீங்கள்தான் நிற்கிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான். பக்கத்தை மூடிவிட்டு நகருங்கள். தாய் வர வேண்டும்.