தயாராக இருந்த ஊசி

கரிபாப் பலகாரம் வாங்கி வெச்சிருக்காங்க. அப்பனைப் பறிகொடுத்தவளுக்குக் கரிபாப். ஆறிடக் கூடாதுன்னு மூடி வேற. ஆளைச் சாகடிச்சிட்டு, வாங்க பசியாறிட்டுப் போங்கன்னு கூப்பிடுற இந்த மரியாதையை எங்க படிச்சாங்க இவங்க?

ஷார்மைன் மனசுக்குள் பொருமினாள். கூட்ட அறையின் கதவோரம் நின்று, மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தாதி மாதவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளானில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஷார்மைன் எம்.ஏ. மெடிக்கல் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவ உதவி அதிகாரி என்பது முழுப் பெயர். வருகிறவர்களை முதலில் விசாரிப்பது, வெட்டுக்காயத்தைத் தைப்பது, விசாரித்து அறிந்ததை டாக்டரின் காதில் போடுவது அவள் வேலை. ஆனால் வயதானவர்களுக்கு வெள்ளை உடுப்பு போட்ட பெண்கள் எல்லோரும் மிஸ்ஸிதான். நான் தாதியில்லை என்று திருத்தித் திருத்தி, அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

செத்துப்போன கன்னையாவும் அன்றைக்கு அவளை அப்படித்தான் கூப்பிட்டார். போர்ட்டுக்கு லோரி ஓட்டுகிறவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டிவந்த மகள் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள்.

"மிஸ்ஸி, எந்த மருந்துன்னாலும் குடு. அந்த வலி ஊசி மட்டும் எனக்கு ஒத்துக்காதும்மா. பந்திங் ஆஸ்பத்திரியில ஒருதரம் போட்டு, மூஞ்சி பலாப்பழமா வீங்கிருச்சு. என் பொண்டாட்டிக்கே ஆள் அடையாளம் தெரியல. அன்னைக்கு ஒரு நாள்தான் என்னைத் திட்டாம இருந்தா."

அவள் சிரித்துவிட்டாள். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நேரே டாக்டர் கிளாரன்ஸின் அறைக்குப் போய்ச் சொன்னாள். இடுப்புவலிக்காரர், வலி ஊசி ஒத்துக்கொள்ளாது, ஏற்கெனவே முகம் வீங்கியிருக்கிறது. கைப்பேசியைக் காதில் வைத்திருந்த டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் தலையாட்டினார். "ஓகே ஷார்மைன். நோட்டட்."

அதைக் கணினியில் ஏற்றப் போனவளை, உள்ளங்கை கிழிந்து இரத்தம் சொட்டச் சொட்ட வந்த ஒரு தொழிற்சாலைப் பையன் இழுத்துக்கொண்டான். அவன் கையைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஊசி அறையில் யாரோ விழும் சத்தம் கேட்டது.

ஊசி அறையில் ஒரு எவர்சில்வர் தட்டு உண்டு. காலையிலேயே வலி மருந்தை ஊசிகளில் உறிஞ்சி அதில் வரிசையாக வைத்துவிடுவார்கள். இடுப்புவலியோடு ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருந்து எடுத்தால் வரிசை நகராது என்று டாக்டர் கிளாரன்ஸ் கொண்டுவந்த பழக்கம். இடுப்புவலி என்றால் முதலில் ஊசி, பிறகுதான் டாக்டர். இது சரியில்லை என்று ஷார்மைன் ஒரு கூட்டத்தில் சொல்லிப் பார்த்தாள். "நீ கடை வெச்சா ஆர்டர் வந்த அப்புறம்தான் வெங்காயமே நறுக்குவே போல" என்று அவர் ஆங்கிலத்தில் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். மாதவி சிரித்தாள். ஷார்மைனும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு இப்போது மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

டாக்டர் கைப்பேசியில் பேசி முடித்தபோது கன்னையாவை மறந்திருந்தார். அடுத்தது யார் என்று எட்டிப் பார்த்த மாதவி, இடுப்பைப் பிடித்திருந்தவரை வழக்கம்போல உள்ளே கூப்பிட்டாள். அவரும் எழுந்து போனார். மிஸ்ஸியிடம் சொல்லியாகிவிட்டதே, எனக்கென்று வேறு மருந்து எடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போனார். ஒருத்தரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரி என்று நம்பினார். டீம் டீம் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அந்தச் சொல்லை நிஜமென்று எடுத்துக்கொண்ட ஒரே மனுஷன் அவர்தான். ஐ.சி.யூ.வில் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

கூட்ட அறையின் கதவு திறந்தது. டாக்டர் கிளாரன்ஸ் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சவரம் செய்த முகம்.

"ஷார்மைன், ஒரு உதவி செய்யணும்" என்றார் தமிழில்.

அவளுக்குத் திடுக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் தமிழில் பேசியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருவருக்கும் ஒரே மாதா கோயில்தான். அவர் ஆங்கிலப் பூசை முடிந்து வெளியே வருவார், அவள் தமிழ்ப் பூசைக்கு உள்ளே போவாள், வாசலில் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் உறவு. நோயாளி தமிழென்றால் "யுவர் பீப்பிள், ஷார்மைன்" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிற மனுஷன். இன்றைக்குத் தமிழ் வந்துவிட்டது. வீட்டில் நெருப்புப் பிடித்ததும் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் ஞாபகம் வருகிற மாதிரி.

"கன்னையாவோட சம்சாரத்துக்கு இங்கிலீஷ் வராது. நம்ம ஆளுங்க, நீ சொன்னா கேப்பாங்க. அலர்ஜி பத்தி அவரு எதுவுமே சொல்லலன்னு சொல்லிடு. அது போதும்."

"அவர் என்னிடம் சொன்னார் டாக்டர். நான் உங்களிடம் சொன்னேன்." அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். அவரோடு அவளுக்குப் பழகிய மொழி அதுதான்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினியா?"

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏத்தல. அப்ப என்னை மட்டுமா கேப்பாங்க? உன்னைக் கேப்பாங்க. ஊசி போட்டது மாதவி, முதல்ல அவளைத்தான் கேப்பாங்க. டீம்னா என்ன ஷார்மைன்? ஒருத்தர் விழுந்தா மத்தவங்க தாங்கணும் லா." அவள் தோளைத் தொடப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை மடக்கிக்கொண்டு கன்னையா வீட்டாரை அழைத்து வரப் போனார்.

விழுந்தவர் கன்னையா. அவரை யார் தாங்கினீங்க? அவள் மனசு கொதித்தது. அவரைத் தரையிலிருந்து தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் கனம் இன்னும் அவள் முழங்கையில் இருந்தது.

மாதவி கிட்டத்தில் வந்தாள். அழுதழுது அவள் முகமே வீங்கியிருந்தது. "அக்கா, நான் வேணும்னேவா செஞ்சேன்? ட்ரேயில இருந்துச்சு, எடுத்தேன். தினமும் அப்படித்தானே கா. எனக்கு வேலை போயிட்டா வீட்ல யாரு இருக்கா சொல்லு. அவருதான் போயிட்டாரு. இனிமே நீ என்ன சொன்னாலும் அவருக்கு என்ன வரப்போகுது?"

இந்த ஒரு கேள்விதான் ஷார்மைனை அசைத்தது. கோபத்துக்கு நடுவே ஒரு ஓரமாக, மாதவி சொல்வதில் என்ன தப்பு என்றும் தோன்றியது. பழி அந்த ஆளுக்கு வலிக்காது. ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு நாளைக்கும் இதே வாசலில் வேலைக்கு வந்து நிற்கலாம். மாதவியும் பக்கத்தில் நிற்பாள். தான் இப்படி யோசிப்பது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் முடியாது என்று அவள் சொல்லிவிடவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மாதவி அவள் கையை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.

கன்னையாவின் மனைவி சீதாலெட்சுமி முதலில் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பின்னால் மகள் வாணி, சுபாங் ஜெயாவில் ஏதோ கடையில் வேலை செய்கிற பெண். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். டாக்டர் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தார். நல்ல குரல் அவருக்கு. கோயிலில் வேதவாசகம் வாசிக்கிற அதே குரல்.

யாரும் கரிபாப்பைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் வாணி. டாக்டரை அவள் பார்க்கவில்லை. தமிழ் முகமாகத் தெரிந்த ஷார்மைனைப் பார்த்துக் கேட்டாள். "அந்த ஊசி ஆகாதுன்னு அப்பா சொன்னாராக்கா? இல்ல, வாயைத் திறக்காம இருந்துட்டாரா? டாக்டர் முன்னாடி அவருக்குப் பேச்சே வராது. எப்பவும் நான்தான் கூட இருந்து சொல்வேன். அன்னைக்கு பார்க்கிங் கிடைக்கல."

"கூடவே இருடின்னுதானே அனுப்பினேன்." சீதாலெட்சுமி மகள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. இந்தச் சில நாட்களில் பலதடவை சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் என்பது கேட்டவுடனே தெரிந்தது. "காரு என்ன பெரிய காரு. ரோட்லயே போட்டுட்டு ஓடியாந்திருக்கலாம். நீ இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

வாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அதை நம்பிவிட்டாள்.

யாருக்கும் வலிக்காத பொய் என்று ஷார்மைன் நினைத்தாளே. இதோ உட்கார்ந்திருக்கிறது, வலிக்கப் போகிற இடம். அந்த ஒரு வாக்கியத்தை இந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோவாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கிழவியாகிற வரைக்கும் ஒவ்வொரு பார்க்கிங்கிலும் அதோடுதான் இறங்குவாள். அம்மாவும் மகளும் ஒரே மேசையில் இனிச் சேர்ந்து உட்கார மாட்டார்கள். அதைத் தமிழில் பக்குவமாகச் சொல்லிக் கொடுக்கத்தான் என்னை இங்கே நிற்கவைத்திருக்கிறார்கள்.

"ஷார்மைன்," என்றார் டாக்டர், அவளுக்குப் பழகிய ஆங்கிலத்தில். "அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை இவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்."

மாதவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். ஷார்மைன் அவளைப் பார்த்தாள். ட்ரே யாருடைய பழக்கம் என்று எவன் கேட்டாலும் உனக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன். இது மட்டும் முடியாது மாதவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எப்போதும் அவரோடு பேசுகிற மொழியை விட்டுவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேருக்கும் விளங்குகிற மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அதை நான் சொல்ல மாட்டேன், டாக்டர். அவரு எங்கிட்ட சொன்னாரு."